என் பெயரில் இன்னொருவர் பேசிய எட்டு மாதம்: ஓர் இணையப் பராமரிப்புச் சேவை பற்றி

வழக்கறிஞர்களுக்கென்றே நடக்கும் ஓர் இணையப் பராமரிப்புச் சேவையை எட்டு மாதம் வைத்திருந்துவிட்டுப் போன மாதம் நிறுத்தினேன். இணையதளம், கூகுள் பக்கம், லிங்க்ட்இன், மாதம் இரண்டு கட்டுரை, வருகிற ரிவ்யூக்களுக்குப் பதில், மாதக் கடைசியில் ஒரு ரிப்போர்ட், எல்லாம் சேர்ந்த ஒரே பேக்கேஜ். “நீங்க கேஸைப் பாருங்க மேடம், ஆன்லைனை நாங்க பாத்துக்கறோம்” என்றுதான் பேச்சை ஆரம்பித்தார்கள். எப்படி இருக்கிறது, எடுக்கலாமா என்று கேட்கிற சக வக்கீல்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. எதிர்தரப்பைக் கேட்காமல் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு எழுத எனக்குப் பிடிக்காது. தவிர, கீழே வரும் தப்புகளில் பாதி என் ஆபீஸிலேயே நடந்தவை. இதே வேலையைச் செய்கிறவர்கள் ஏராளம், பேக்கேஜும் கிட்டத்தட்ட ஒரே அச்சுதான். பெயர் தெரியாததால் உங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

நான் குடும்ப வழக்கும் வாரிசுச் சொத்து வழக்கும் பார்க்கிறவள். பத்தொன்பது வருடமாயிற்று. ஒரு ஜூனியர், ஒரு குமாஸ்தா, அவ்வளவுதான் ஆபீஸ். இணையத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் எனக்கு இருந்ததில்லை. ஆனால் நாம் போகாவிட்டாலும் நம் பெயர் போய் உட்கார்ந்துவிடுகிறது. கூகுளில் என் பெயருக்கு ஒரு பக்கம் ஏற்கெனவே இருந்தது. யார் போட்டார்கள் என்று தெரியாது. இரண்டு ஆபீஸுக்கு முந்தைய முகவரி, நான் விட்டுவிட்ட பழைய நம்பர். அந்த நம்பரை இப்போது வைத்திருக்கும் ஓர் அம்மா, என் கட்சிக்காரர்களுக்கு “இது வக்கீல் நம்பர் இல்லைம்மா” என்று சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் ஒருவரிடம் என் புது நம்பரை எப்படியோ விசாரித்து வாங்கி எனக்கே போன் செய்தார். நியாயமான கோபம். சேவையை எடுக்க அதுதான் காரணம்.

அந்த வேலையை அவர்கள் நன்றாகவே செய்தார்கள், மறைக்க ஒன்றுமில்லை. இரண்டே வாரத்தில் கூகுள் பக்கம் சீரானது. முகவரி, நேரம், நம்பர் எல்லாம் சரியானது. அங்கங்கே டைரக்டரிகளில் மூன்று விதமாகக் கிடந்த என் பெயரின் எழுத்துக்கூட்டலை ஒன்றாக்கினார்கள். ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை என்ற தகவலைக்கூடக் கேட்டுப் போட்டார்கள். முட்டி வலியோடு சொத்து வழக்குக்கு வருகிற பெரியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத்தான் தெரியும். இந்த ஒரு பகுதிக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன்.

அதைத் தாண்டி அவர்கள் என் சார்பில் பேசத் தொடங்கிய இடத்திலிருந்துதான் வம்பு.

அதற்கு முன் ஒரு வார்த்தை. வக்கீல் தன்னைப் பற்றி எவ்வளவு சொல்லிக்கொள்ளலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 1977இல் பேட்ஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வக்கீல் விளம்பரத்துக்கு முழுத் தடை போடக் கூடாது என்று சொல்லிவிட்டது. இரண்டு வக்கீல்கள் கட்டணத்தைப் போட்டுச் செய்தித்தாளில் கொடுத்த ஒரு விளம்பரத்திலிருந்து வந்த வழக்கு அது. இந்தியாவில் நேரெதிர். வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி 36 நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலை தேடி விளம்பரம் செய்யாதே என்கிறது. 2008இல் வந்த திருத்தம் இணையதளத்துக்கு இடம் கொடுத்தது, ஆனால் பெயர், தொடர்பு விவரம், பதிவு எண், படிப்பு, எந்த வகை வழக்குகள் என்ற அளவோடு சரி. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையம் வழியாக வேலை பிடிக்கும் வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்க வழிகாட்டுதல் கொடுக்குமாறு பார் கவுன்சிலுக்கு உத்தரவே போட்டது. இதைப் படிக்கிற வக்கீல்கள் எந்த ஊர் விதிக்கு உட்பட்டவர்களோ, முதலில் அதை எடுத்துப் படித்துவிட்டு மேலே வாருங்கள். இந்த பேக்கேஜில் உள்ள பாதி ஐட்டம் சில நாடுகளில் அப்படியே விதிமீறல். விற்க வருகிற தம்பி அதைச் சொல்ல மாட்டார். அவருக்குத் தெரியவும் தெரியாது. அவர் போன வாரம் ஒரு பல் டாக்டருக்கு இதே பேக்கேஜை விற்றிருப்பார்.

ஆனால் எங்கே போனாலும் பெரும்பாலும் மாறாத மூன்று உண்டு: பொய் சொல்லாதே, கட்சிக்காரர் ரகசியத்தை வெளியே விடாதே, ஆள் பிடிக்காதே. எட்டு மாதத்தில் இந்தச் சேவை மூன்றையும் ஒருமுறையாவது உரசிப் பார்த்தது.

முதல் உரசல் போட்டோவில். ஒரு சனிக்கிழமை போட்டோகிராபர் வந்தார், நல்ல பையன். என் மேஜை ரொம்ப வெறிச்சென்று இருக்கிறது, பிஸியாகத் தெரிய வேண்டும் என்று அலமாரியிலிருந்த கேஸ் கட்டுகளை எடுத்து மேஜையில் அழகாக அடுக்கினார். நானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். படம் அருமையாக வந்தது. மூன்று நாள் கழித்து இணையதளத்தில் ஏற்றிவிட்டுச் சொன்னார்கள். ராத்திரி படுக்கையில் போனை வைத்துக்கொண்டு, என் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான், விரல்களால் பெரிதாக்கினேன். முகத்துக்குப் பக்கத்தில் இருந்த கட்டின் முதுகும் கூடவே பெரிதானது. குமாஸ்தாவின் மணி மணியான கையெழுத்தில் வழக்கு எண், கணவன் பெயர், மனைவி பெயர். அதற்குக் கீழே இருந்த கட்டில் ஒரு குழந்தையின் பெயர்கூட. கார்டியன் வழக்கு.

இப்போதெல்லாம் கேமராக்கள் எடுக்கும் தெளிவு அப்படி. காலையில் ஆறு மணிக்கே போன் செய்து இறக்கச் சொன்னேன். இறக்கினார்கள், ஆனால் அதற்குள் அதே படத்தை நான்கு டைரக்டரிகளுக்கு அனுப்பியிருந்தார்கள். “பிளர் பண்ணிடலாம் மேடம்” என்றார் தம்பி. வேண்டாம், எடுத்துவிடு என்றேன். அன்றிலிருந்து ஆபீஸில் யார் போட்டோ எடுத்தாலும், செல்ஃபியாக இருந்தாலும், முதலில் மேஜை காலியாக வேண்டும். திரையும் அணைய வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் வாய்தா தேதிப் பலகைக்கு இப்போது ஒரு துணி தொங்குகிறது.

அடுத்து வந்தது முகப்புப் பக்கத்து வாசகம். “97% வெற்றி” என்று பெரிய எழுத்தில் ஒரு பட்டை வைத்திருந்தார்கள். எங்கிருந்து வந்தது இந்த 97 என்று கேட்டேன். டெம்ப்ளேட்டில் இருந்தது, உங்கள் எண்ணைச் சொன்னால் மாற்றிவிடுகிறோம் என்றார்கள். என் எண் என்ன? உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். குழந்தை அம்மாவிடம், வாரம் இரண்டு நாள் அப்பாவிடம் என்று முடிந்த வழக்கில் வென்றது யார்? விவாகரத்து கேட்டு வந்து, மூன்றாவது கவுன்சிலிங்கில் சேர்ந்து போய்விட்டவர்களை வெற்றிக் கணக்கில் வைப்பதா, தோல்விக் கணக்கில் வைப்பதா? அவர்கள் எனக்குப் பாக்கிக் கட்டணம் தரவில்லை, அந்த வகையில் தோல்விதான். பத்து வருடம் இழுத்த பாகப்பிரிவினை வழக்கில் என் கட்சிக்காரருக்குக் கேட்டதில் முக்கால் பங்கு கிடைத்தது. தீர்ப்பு வரும்போது அவர் இல்லை.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதி 7.1 தன் சேவையைப் பற்றிப் பொய்யாகவோ தவறாக நம்ப வைக்கும்படியோ பேசாதே என்கிறது. நுட்பம் இரண்டாவதில் இருக்கிறது. எண் உண்மையாகவே இருந்தாலும், படிக்கிறவர் “எனக்கும் இப்படித்தான் கிடைக்கும்” என்று நினைத்துவிட்டால் அது தப்பான பேச்சுதான். பட்டையை எடுத்துவிட்டு, எந்த நீதிமன்றங்களில் ஆஜராகிறேன், எந்த வகை வழக்குகள் எடுக்கிறேன், எதை எடுப்பதில்லை என்று மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். டிசைன் பண்ணுகிறவருக்கு அது பிடிக்கவில்லை. “ரொம்பத் தட்டையா இருக்கு மேடம்.” இருக்கட்டும்.

லிங்க்ட்இன் கதை கொஞ்சம் காமெடி. என் பெயருக்குக் கீழே “குடும்பச் சட்ட நிபுணர்” என்று போட்டிருந்தார்கள். நிபுணர், ஸ்பெஷலிஸ்ட் என்ற சொல் எங்கள் தொழிலில் சும்மா போட்டுக்கொள்கிற சொல் இல்லை. அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு சான்று கொடுத்திருந்தால்தான் சான்று பெற்ற நிபுணர் என்று சொல்லிக்கொள்ளலாம். லிங்க்ட்இன் பக்கத்தில் “ஸ்பெஷாலிட்டீஸ்” என்ற தலைப்பு இருந்த காலத்தில், அதற்குக் கீழே ஒரு சட்ட நிறுவனம் தன் வேலைகளைப் பட்டியல் போடுவதே கூடாது என்று நியூயார்க் மாநில வழக்கறிஞர் சங்கம் 2013இல் கருத்துச் சொன்னது. தலைப்பை வைத்தது லிங்க்ட்இன், பொறுப்பு வக்கீலுக்கு. இந்தியாவில் பெயர்ப்பலகையிலேயே குறிப்பிட்ட வகை வேலையில் சிறப்பு என்று போடக் கூடாது.

நான் அதைச் சரி செய்ய உள்ளே போனபோதுதான் இன்னொன்றைப் பார்த்தேன். காப்புரிமைச் சட்டத்தில் எனக்குத் திறமை உண்டு என்று பதினொரு பேர் சான்று கொடுத்திருந்தார்கள். பதினொரு பேர்! நான் வாழ்நாளில் ஒரு காப்புரிமை விண்ணப்பத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்தத் தளம் “இவருக்கு இது தெரியுமா?” என்று கேட்கிறது, நல்ல மனசுக்காரர்கள் ஆமாம் என்று தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நாம் சொல்லவில்லையே என்று விட்டுவிடவும் முடியாது. நம் பக்கத்தில் நம் பெயருக்குக் கீழே நிற்கிற பொய்யை நாம் தெரிந்தே விட்டுவைத்தால் அது நம்முடையதாகிவிடும். நீக்கிவிட்டேன். ஒரு நிமிஷ வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து இப்படிக் களை எடுப்பதை இவர்கள் பேக்கேஜில் சேர்த்திருந்தால் அதற்குச் சந்தோஷமாகப் பணம் கொடுத்திருப்பேன்.

சரி, ரிவ்யூவுக்கு வருகிறேன்.

சேவை ஆரம்பித்தபோது என் பக்கத்தில் மூன்றே மூன்று ரிவ்யூ. “ஒரு மாசத்துல நாப்பது ஆக்கிடலாம்” என்றார்கள். எப்படி என்றால், முதலில் ஆபீஸ் ஆட்கள், சொந்தக்காரர்கள், பிறகு அவர்களிடமே இருக்கும் ஒரு லிஸ்ட். மறுத்துவிட்டேன். அறம் ஒருபுறம் இருக்கட்டும், கூகுளே போலி ரிவ்யூவையும், எதையாவது கொடுத்து வாங்கும் ரிவ்யூவையும் தடை செய்கிறது. திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கேட்பதும் அவர்கள் விதிப்படி கூடாது. அமெரிக்காவில் 2024 அக்டோபரிலிருந்து போலி ரிவ்யூ வாங்குவது, விற்பது, உள்ளாட்கள் உறவைச் சொல்லாமல் எழுதுவது எல்லாவற்றுக்கும் எதிராக, நுகர்வோரை ஏமாற்றும் வியாபாரத்தைத் தடுக்கும் அரசு அமைப்பான எஃப்டிசியின் தனி விதியே இருக்கிறது. வக்கீல் ஒருவர் பொய்ச் சாட்சியை ஜோடித்து மாட்டினார் என்றால், அது நீதிமன்றத்தில் நடந்தால் என்ன, கூகுளில் நடந்தால் என்ன.

உண்மையான கட்சிக்காரர்களிடம் கேட்கலாமே என்றார்கள். அதிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. விவாகரத்து முடிந்து வெளியே வருகிற பெண்ணிடம் “உங்க பெயரில் நாலு வரி போடுங்க” என்று கேட்டால், அவர் போட்ட நிமிஷமே அவருக்கு என்ன வழக்கு நடந்தது என்று உலகத்துக்குத் தெரிந்துவிடும். அவரைத் தெரிந்த சித்தப்பா முதல் மேனேஜர் வரை. அதனால் நான் கேட்பதில்லை. தானாகப் போடுகிறவர்கள் போடட்டும்.

ஐந்தாவது மாதம் தானாக ஒருவர் போட்டார். ஒரு ஸ்டார். “பணத்தை வாங்கிக்கிட்டு வாய்தா மேல வாய்தா. போன் பண்ணா எடுக்கறதே இல்ல. நம்பி ஏமாறாதீங்க.” பெயருக்குப் பதில் ஏதோ ஒரு புனைபெயர், ஒரு பூ படம்.

நான் அன்று முழுக்க விசாரணையில் இருந்தேன். கம்பெனிக்கும் எங்கள் ஆபீஸுக்கும் பொதுவாக ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. அதில் “யார் இவர்? 24 மணி நேரத்துக்குள் பதில் போடணும்” என்று கேட்டிருக்கிறார்கள். என் ஜூனியர் கெட்டிக்காரப் பெண், ஆனால் என் மீது யாராவது சொன்னால் பொறுக்க மாட்டாள். “இவர்தான், நிச்சயமா இவர்தான்” என்று ஒரு கட்சிக்காரர் பெயரைச் சொல்லி, அவர் எத்தனை வாய்தாவுக்கு வரவில்லை, ஜீவனாம்ச பாக்கி எவ்வளவு, எங்களுக்குக் கட்டணம் எவ்வளவு தர வேண்டும் என்று மளமளவென்று எழுதிவிட்டாள். அவர்கள் அதை மரியாதையான பாஷையில் சுருக்கி என் பெயரில் பதிலாகப் போட்டுவிட்டார்கள். “அன்புள்ள ஐயா, தங்கள் ஜீவனாம்ச வழக்கில் மூன்று வாய்தாக்களுக்குத் தாங்களே ஆஜராகவில்லை என்பதையும், எங்கள் கட்டணத்தில் பாதி நிலுவையில் உள்ளது என்பதையும் பணிவுடன் நினைவூட்டுகிறோம்.”

பணிவுடன்.

நான் பார்த்தபோது அது ஏறி நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. எடுக்க வைத்தேன். கை நடுங்கியது என்று சொன்னால் மிகையில்லை. கொலராடோவில் 2016இல் ரிவ்யூவுக்குப் பதில் எழுதும்போது கட்சிக்காரரின் விவரங்களை வெளியிட்ட ஒரு வக்கீலுக்கு ஆறு மாதம் இடைநீக்கம் கிடைத்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும், ஜூனியர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன்.

இதைவிட மோசமானது இனிமேல்தான். பதிலை எடுத்த பிறகு நிதானமாக யோசித்தேன். ரகசியம் உடைந்தது கூகுளிலா? இல்லை. அதற்கு முன்னாலேயே, அந்த வாட்ஸ்அப் குரூப்பில். அதில் கம்பெனிக்காரர்கள் ஆறு பேர் இருந்தார்கள், இரண்டு பேரை எனக்கு முகம்கூடத் தெரியாது. பதில் போடாமலே இருந்திருந்தாலும் தப்பு நடந்து முடிந்துவிட்டது. இந்தச் சேவையின் அடிப்படையிலேயே இருக்கிற ஓட்டை இது. வழக்கு விவரம் தெரியாமல் அவர்களால் பதில் எழுத முடியாது. விவரத்தை அவர்களிடம் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. எத்தனை நல்ல கம்பெனியாக இருந்தாலும் இந்த முடிச்சு அவிழாது.

அந்தக் கட்சிக்காரருக்கு நானே போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன், என் ஆபீஸ் தப்பு என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “அந்த ரிவ்யூவ நான் போடல மேடம்” என்றார்.

போடவில்லைதான். ஜூனியரின் ஊகம் தப்பு. யாரோ ஒருவர் திட்டியதற்கு, திட்டாத ஒருவரின் குடும்பக் கதையைச் சந்தியில் வைத்துவிட்டோம். “யார் பாத்திருப்பாங்க?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அதைத் தவிர சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. வேறு வக்கீலிடம் போக விரும்பினால் கட்டை உடனே தருகிறேன், பாக்கி எதுவும் வேண்டாம் என்றேன். ஒரு வாரம் கழித்து வந்து வாங்கிக்கொண்டு போனார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2021 ஜனவரியில் வெளியிட்ட 496ஆம் எண் கருத்துரை இந்த விஷயத்தைத்தான் எடுத்துப் பேசுகிறது. தன் மீது வழக்கோ புகாரோ வந்தால் தற்காப்புக்காக வக்கீல் சில விவரங்களைச் சொல்லலாம், அந்த விலக்கு எல்லோருக்கும் தெரியும். ஆனால் இணையத்தில் ஒருவர் திட்டுவது மட்டும் அந்த விலக்குக்குள் வராது என்று அது தெளிவாகச் சொல்கிறது. பேசாமல் இருப்பதே நல்லது, இல்லையென்றால் தளத்திடம் நீக்கச் சொல்லிக் கேட்கலாம், நேரில் பேச அழைக்கலாம், அல்லது தொழில் கடமை காரணமாகப் பதில் சொல்ல இயலாது என்று மட்டும் சொல்லலாம். கூகுளிடம் கேட்டுப் பார்த்தேன். கெட்ட ரிவ்யூ என்பதற்காக மட்டும் அவர்கள் நீக்குவதில்லை. விதி மீறல் இருக்க வேண்டும். இதில் இல்லை, அது ஒருவரின் கோபம்.

கடைசியில் நானே இரண்டு வரி எழுதினேன். எழுதி, ஒரு ராத்திரி வைத்திருந்து, காலையில் போட்டேன்: “ஒருவர் என் கட்சிக்காரரா இல்லையா என்பதைக்கூடப் பொதுவெளியில் சொல்ல என் தொழில் கடமை இடம் தராது. என் அலுவலகத்தின் மீது குறை உள்ளவர்கள் கீழே உள்ள எண்ணில் என்னிடமே நேரில் பேசலாம்.” முதல் வரிதான் எனக்கு முக்கியம். “உங்கள் வழக்கில்” என்று ஆரம்பித்தாலே அவர் நம் கட்சிக்காரர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நன்றி சொல்கிற பதிலிலும் அப்படித்தான். ஐந்து ஸ்டார் போட்டவருக்கு “உங்கள் விவாகரத்தில் உதவியதில் மகிழ்ச்சி” என்று போடுகிற வக்கீல்களைத் தினமும் பார்க்கிறேன். இவர்களும் எனக்கு அப்படி இரண்டு பதில் போட்டிருந்தார்கள். இரண்டையும் அழித்தேன்.

இன்னொன்று. அந்த ஒரு ஸ்டார்காரர் யாரோ, போன் எடுப்பதில்லை என்று சொன்னது பொய் இல்லை. கம்பெனி போட்ட புது நம்பர் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை யாரும் இல்லாத மேஜையில் அடித்துக்கொண்டிருந்தது. குமாஸ்தா நீதிமன்றத்தில், ஜூனியர் என்னோடு. நாங்கள் பதில் எழுத ஓடிய வேகத்தில் குறையைப் படிக்கவே இல்லை.

சாட் பெட்டி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இணையதளத்தின் மூலையில் “வணக்கம்! உங்கள் பிரச்சினையைச் சொல்லுங்கள்” என்று எட்டிப் பார்க்கும் அந்தப் பெட்டி. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பெண் அதில் தன் கல்யாணக் கதை முழுவதையும், நகை எங்கே வைத்திருக்கிறார் என்பது வரை, கொட்டியிருந்தார். நான்காவது பத்தி படிக்கும்போதுதான் கணவர் பெயர் வந்தது. என் கட்சிக்காரர். அந்த நிமிஷத்தில் நான் இரண்டு பக்கத்துக்கும் ஆகாதவள் ஆனேன். வக்கீலாக நியமிக்காவிட்டாலும், நம்பி வந்து சொன்னவரின் விவரத்தை நான் காப்பாற்ற வேண்டும். அந்தப் பக்கம் என் கட்சிக்காரருக்கு அதை எதிராளி வாயிலிருந்து வந்த ஆயுதமாகப் பயன்படுத்தவும் முடியாது. கடைசியில் அந்த வழக்கிலிருந்து விலக வேண்டி வந்தது. காரணத்தைக்கூட என் கட்சிக்காரரிடம் விளக்க முடியவில்லை. சாட் பெட்டியை எடுத்துவிட்டு ஒரு படிவம் வைக்கச் சொன்னேன். உங்கள் பெயர், எதிர்தரப்பின் பெயர், எந்த வகை வழக்கு, அவ்வளவுதான். “நாங்கள் ஒப்புக்கொள்ளும் வரை விவரங்களை எழுத வேண்டாம், இதை அனுப்புவதால் நாங்கள் உங்கள் வக்கீல் ஆகிவிட மாட்டோம்” என்று அனுப்பும் பொத்தானுக்கு மேலேயே, கண்ணில் படும்படி. அவர்கள் அதைப் பக்கத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் வைத்தார்கள். மூன்று தடவை சொல்லி மேலே ஏற்றினேன். “கன்வெர்ஷன் குறையும் மேடம்.” பக்கத்தைப் பார்க்க வருகிறவர்கள் கட்சிக்காரராக மாறுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். குறையட்டும் தம்பி.

கட்டுரைகள் சுமார். ஏஐ எழுதியது என்று இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். ஒன்றில் என் பெயரில் ஒரு தீர்ப்பை மேற்கோள் காட்டியிருந்தார்கள். அப்படி ஒரு தீர்ப்பே இல்லை. ஒரு மணி நேரம் தேடினேன். நியூயார்க்கில் 2023இல் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில் சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை மனுவில் போட்ட வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்ததைப் படித்துவிட்டுச் சிரித்தவள் நான். அதன் பிறகு நானே எழுதிய ஒன்றிரண்டு மட்டும்தான் போட்டேன். உதாரணத்துக்குச் சொந்த வழக்கு எதையும் எடுப்பதில்லை. பெயரை மாற்றினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். வயதும் வேலையும் எத்தனை குழந்தை என்பதும் சேர்ந்தால் பெயரே வேண்டாம், சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு 480ஆம் எண் கருத்துரை இன்னும் ஒரு படி மேலே போய், தீர்ப்பில் ஏற்கெனவே வெளியான விஷயமாக இருந்தாலும் கட்சிக்காரர் சம்மதமில்லாமல் எழுதாதே என்கிறது. எனக்கு அது கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் 2013இல் திறந்த நீதிமன்றத்தில் நடந்து முடிந்ததை எழுத வக்கீலுக்கு உரிமை உண்டு என்றுதான் சொன்னது. ஆனாலும் குடும்ப வழக்கில் நான் கருத்துரையின் பக்கம்.

ஏழாவது மாதம் புதிய திட்டம் ஒன்றோடு வந்தார்கள். மாதக் கட்டணம் வேண்டாம், அவர்கள் வழியாக வரும் ஒவ்வொரு கேஸிலும் ஒரு பங்கு. இதற்கு எங்கள் தொழிலில் பழைய பெயர் ஒன்று உண்டு, நீதிமன்ற வாசலில் நின்று கமிஷனுக்கு ஆள் பிடிப்பவர்களைச் சொல்வார்கள். நான் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை முடிக்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

முடிப்பது சுலபமாக இல்லை. டொமைன், அதாவது இணையதளத்தின் முகவரி, அவர்கள் பெயரில் பதிவாகியிருந்தது. கூகுள் பக்கத்தின் முதன்மை உரிமையாளர் அவர்களுடைய மெயில் ஐடி, நான் வெறும் மேனேஜர். என் பெயருள்ள பக்கத்தில்! எடுக்கிறவர்கள் முதல் நாளே இரண்டையும் தங்கள் பெயரில், தங்கள் மெயிலில் வைத்துக்கொண்டு, கம்பெனிக்கு மேனேஜர் அனுமதி மட்டும் கொடுங்கள். மாற்றிக் கொடுக்க மாட்டோம் என்று சொல்லவில்லை, நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தார்கள். வாய்தா வாங்குவதில் என்னையே தோற்கடித்தார்கள்.

முகவரி, நம்பர், நேரம், டைரக்டரி சீர்செய்வது என்ற சின்ன பேக்கேஜ் தனியாகக் கிடைத்தால் தாராளமாக எடுங்கள். ரிவ்யூ பதில், சாட், கட்டுரை மூன்றையும் எழுத்துப்பூர்வமாக அடித்துவிடுங்கள். வாட்ஸ்அப் குரூப் வேண்டாம், மெயில் போதும், அதையும் நீங்கள் ஒருவர் மட்டும் அனுப்புங்கள். ஸ்டார் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டரை. பழைய நம்பர் அம்மாவைக் கேட்டால் ஐந்தும் கொடுப்பார்.

இப்போது எல்லாம் என் கைக்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் குமாஸ்தா கூகுள் பக்கத்தைத் திறந்து நேரமும் நம்பரும் சரியா என்று பார்க்கிறார். ஒன்றிலிருந்து மூன்று வரை மூடியிருக்கும் என்று போட்டுவிட்டோம். அந்தப் படம், கட்டுகளோடு நான் சிரிக்கிறது, நான்கில் மூன்று இடத்தில் போய்விட்டது. நான்காவது டைரக்டரிக்கு மூன்று மெயில் போட்டாயிற்று. “உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது” என்று தானியங்கிப் பதில் வருகிறது.